‘மோதிரம்ஐ அணிகிறீர்கள்’: டிசைன் விதிகள் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழிலேயே ஓடப்போகும் எழுத்து விளையாட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நகை, துணி, ஆயுதம், சாப்பாடு என்று ஆட்டக்காரர்கள் தாங்களே வடிவமைத்து அனுப்பும் பொருள்களுக்கான வரைவு விதிகளைச் சுற்றுக்கு விட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதால் சொல்கிறேன். விதிகளில் பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம். ஏழாவது விதியையும் எட்டாவது விதியையும் எடுத்துவிடுங்கள். படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள். நிராகரிக்கும் முறையை மாற்றுங்கள்.

என் வாதம் இவ்வளவுதான். டிசைனைச் சரிபார்ப்பவர் இரண்டே விஷயங்களைப் பார்த்தால் போதும்: இந்தப் பொருள் உங்கள் உலகத்தில் இருக்க முடியுமா, உங்கள் நிரலில் பிசகாமல் ஓடுமா. எழுத்து அழகாக இருக்கிறதா இல்லையா என்பது செய்தவர் பாடு, காசு கொடுத்து வாங்குபவர் பாடு. அதில் சரிபார்ப்பவருக்கு வேலை இல்லை.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். படமே இல்லாத, முழுக்க எழுத்தால் ஆன, பல பேர் ஒரே நேரத்தில் ஆடும் கணினி விளையாட்டுகளை ‘மட்’ என்பார்கள். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிவைத்தது. ‘வடக்கே போ’, ‘விளக்கை ஏற்று’ என்று தட்டினால், என்ன நடந்தது என்று திரையில் வரிகள் வரும். 1989இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் எழுதிய டைனிமட்டில் சாதாரண ஆட்டக்காரரே அறை கட்டலாம், பொருள் செய்யலாம் என்று ஆனது. அடுத்து 1990இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ வந்தது. ஆளாளுக்குக் கட்டத் தொடங்கினால் கணினியில் இடம் எங்கே போதும்? அங்கே ஒவ்வொருவருக்கும் இடத்துக்கு ஓர் அளவு வைத்தார்கள். கூடுதலாகக் கேட்டால், ஆட்டக்காரர்களே அடங்கிய ஒரு பரிசீலனைக் குழு பார்த்து முடிவு சொல்லும். 1997இல் வந்த அக்கேயா போன்ற கற்பனை உலக விளையாட்டுகளில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. தையல்காரரோ நகை செய்பவரோ டிசைன் எழுதி அனுப்புவார், ஒப்புதல் வந்ததும் அதைச் செய்து மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்பார். ஒரு டிசைன் என்பது நாலைந்து வரிதான். பொருளின் பெயர், தரையில் கிடந்தால் எப்படித் தெரியும், உற்றுப் பார்த்தால் என்ன தெரியும், அணியும்போது என்ன வரி வரும், என்னென்ன மூலப்பொருள், எவ்வளவு.

அந்த ஆங்கில விளையாட்டுகளில் பழகிய கைகள்தான் உங்கள் வரைவையும் எழுதியிருக்கின்றன என்பது பார்த்ததுமே தெரிகிறது. அதனால் சில விதிகள் பழுத்த அனுபவத்தோடு வந்திருக்கின்றன. மூன்றாவது விதி ஓர் உதாரணம்: பார்ப்பவரின் உணர்ச்சியை டிசைன் தீர்மானிக்கக் கூடாது. ‘இந்த அட்டிகையைக் கண்டதும் உன் மூச்சே நின்றுவிடுகிறது’ என்று ஒருவர் எழுதுவார். என் பாத்திரம் ஒரு கிழட்டுக் கொள்ளைக்காரன். இதுபோல எத்தனையோ அட்டிகைகளை அறுத்து விற்றவன். அவனுக்கு ஏன் மூச்சு நிற்க வேண்டும்? நான்காவது விதியும் அப்படியே. ‘காலை வெயிலில் தகதகக்கிறது’ என்று எழுதினால், நள்ளிரவில் குகைக்குள் பார்க்கிறவனுக்கும் அதே வரிதான் வரும். ‘அவள் கழுத்தில் தவழ்கிறது’ என்று எழுதிய மாலையை மீசைக்காரப் படைத்தலைவர் போட்டுக்கொண்டு நிற்பார். தமிழில் இது இன்னும் கறாராக வேண்டும், ஏனென்றால் நம் வினைமுற்றிலேயே ஆண், பெண் உட்கார்ந்திருக்கிறது. ‘அணிந்திருக்கிறாள்’ என்று டிசைனுக்குள் யாரும் எழுதக் கூடாது என்று விதியிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தக் கட்டம். இதுதான் எனக்கு மிக முக்கியம்.

உங்கள் சோதனைப் பதிப்பில் ஒரு மோதிரத்தைப் போட்டுப் பார்த்தேன். ‘நீங்கள் மரகத மோதிரம்ஐ அணிகிறீர்கள்’ என்று வந்தது. கழற்றினால் ‘மரகத மோதிரம்ஐ கழற்றுகிறீர்கள்’. பெட்டியில் போட்டால் ‘மரப்பெட்டிஇல் வைக்கிறீர்கள்’. ஆங்கிலத்தில் பெயரை அப்படியே வாக்கியத்தின் நடுவில் செருகிவிடலாம், முன்னால் வரும் a, an, the என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அந்தப் படிவத்தை அப்படியே எடுத்து வைத்தால் தமிழில் இப்படித்தான் பல் உடையும்.

நிரலிலேயே சரிசெய்துவிடலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாக அறிந்தேன். பெருமளவு முடியும், நானும் ஒப்புக்கொள்கிறேன். ‘ம்’ என்று முடிந்தால் ‘த்தை’ போடலாம்: மோதிரத்தை, கங்கணத்தை. ‘கல்’ கல்லை ஆகும், ‘வேல்’ வேலை ஆகும், குறில் நெடில் பார்த்து அதையும் எழுதிவிடலாம். (‘வேலை எடு’ என்று தட்டினால் ஆயுதம் கையில் வருமா, உத்தியோகம் கிடைக்குமா என்பது வேறு வேடிக்கை.) ஆனால் ‘டு’, ‘று’ என்று முடியும் பெயர்களுக்கு வரும்போது கதை மாறுகிறது. ஓடு ஓட்டை ஆகிறது, வண்டு வண்டை ஆகிறது. கயிறு கயிற்றை, கன்று கன்றை. இதற்கும் இலக்கணம் இருக்கிறது, எழுதலாம்தான். ஆனால் இது கற்பனை உலகம். ஆட்டக்காரர்கள் இல்லாத உலோகத்துக்கும் இல்லாத விலங்கின் கொம்புக்கும் பெயர் வைப்பார்கள், பிற மொழிச் சாயலில் வைப்பார்கள், வேண்டுமென்றே விதிக்குள் அடங்காத பெயராக வைப்பார்கள். அந்தப் பெயர் வாக்கியத்தில் எப்படி வளையும் என்று பெயர் வைத்தவருக்குத்தான் தெரியும்.

எனவே அவரையே கேட்டுவிடுங்கள். படிவத்தில் பெயருக்குக் கீழே ஒரு கட்டம்: ‘இந்தப் பொருளை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றால் எப்படிச் சொல்வீர்கள்?’ அவர் ‘மரகத மோதிரத்தை’ என்று நிரப்புவார். கடைசி ஐகாரத்தைக் கழித்துவிட்டால் ‘மோதிரத்த்’ கையில் இருக்கிறது. அதிலிருந்து மோதிரத்தில், மோதிரத்தால், மோதிரத்தோடு எல்லாம் தானாக வரும். குவ்வுருபு மட்டும் தகராறு செய்யும் (பானையை, பானையில் என்று ஒழுங்காக வந்தது திடீரென்று பானைக்கு என்று திரும்பும்), அதற்குத் தனியாக ஒரு சின்ன நிரல் போதும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும், மோதிரத்தைக் கழற்று, மோதிரத்தைத் தா என்பதை நிரல் பார்த்துக்கொள்ளட்டும், அதை ஆட்டக்காரர் தலையில் கட்ட வேண்டாம். ஆட்டக்காரர் தட்டும் கட்டளையைப் புரிந்துகொள்ளவும் இதே கட்டம் உதவும். ‘மோதிரத்தைக் கழற்று’ என்று ஒருவர் இயல்பாகத் தட்டினால், ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று இப்போது வருகிறது. விரலில் போட்டிருக்கும் மோதிரம்!

அடுத்தது எழுத்து எண்ணிக்கை. பெயர் 40 எழுத்துக்கு மிகக் கூடாது என்கிறது இரண்டாவது விதி. எந்தக் கணக்கில் 40? ‘ஒரு மரகத மோதிரம்’ என்பதைப் படிக்கிறவர் விரல் விட்டு எண்ணினால் பத்து எழுத்து. ஆனால் கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், அந்தக் கணக்கில் இடைவெளிகளையும் சேர்த்து 16. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) பிடிக்கும். 14 குறியீட்டுக்கு 42, இரண்டு இடைவெளிக்கு 2, மொத்தம் 44. உங்கள் நிரல் இப்போது பைட்டை எண்ணுகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் என் மோதிரம் ‘மிக நீளமான பெயர்’ என்று திரும்பி வந்தது. ‘ஒரு’வை எடுத்த பிறகுதான் உள்ளே போனது. மனிதர் எண்ணும் எழுத்தையே எண்ணுங்கள். எங்காவது வெட்ட வேண்டியிருந்தாலும் எழுத்தின் நடுவில் வெட்டாதீர்கள்.

இதோடு ஒட்டியது இன்னொன்று, சரிபார்ப்பவர் கண்ணால் பிடிக்கவே முடியாதது. ‘கொலுசு’ என்பதில் வரும் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் வரும் ஒற்றைக் கொம்பும் பின்னால் வரும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. டிசைன் உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இதற்குப் பெரும்பாலான நிரல் மொழிகளில் தயாராகவே வழி இருக்கிறது. இன்னும் விஷமமான ஒன்று: தமிழ் எண் ஒன்றும் ககரமும் பார்வைக்கு அச்சாக ஒன்றுபோல இருக்கும். புகழ்பெற்ற கைவினைஞர் ஒருவரின் ‘கடகம்’ நல்ல விலைக்குப் போகிறது என்று வையுங்கள். வேறொருவர் ‘௧டகம்’ என்று எண்ணைப் போட்டு ஒரு போலியை அனுப்பினால் சரிபார்ப்பவரும் ஒப்புவார், வாங்குபவரும் ஏமாறுவார். பொருளின் பெயருக்குள் தமிழ் எண்கள் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

ஐந்தாவது விதி, நிஜ உலகின் ஊர், அரச வம்சம், தெய்வம் ஆகியவற்றின் பெயர்கள் கூடாது என்பது. நண்பர்கள் சிலர் இதை எதிர்க்கிறார்கள். காஞ்சிப்பட்டு இல்லாமல், பத்தமடைப் பாய் இல்லாமல், திருப்பாச்சி அரிவாள் இல்லாமல் என்ன தமிழ் விளையாட்டு என்கிறார்கள். நான் உங்கள் பக்கம். காஞ்சிபுரம் இல்லாத உலகத்தில் காஞ்சிப்பட்டு எங்கிருந்து வரும்? ஆனால் ஊரை எடுத்துவிட்டால் கைவினை போய்விடாது என்பதை விதியின் கீழே நாலு உதாரணத்தோடு காட்டுங்கள். ‘உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் தறியிலேயே கோர்வையாகப் பிணைந்த பட்டு’ என்று எழுதலாம். ‘முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, அவிழ்த்த இடமெல்லாம் புள்ளி விழுந்த சேலை’ என்றால் சுங்குடி தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கும் கண்ணில் தெரியும். ‘ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து நெய்த பாய்’, ‘வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளை வார்த்து, பாகம் பாகமாகத் திருகி மாட்டிய குத்துவிளக்கு’. ஊர்ப்பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகும் டிசைனைவிட இவற்றில் பொருள் அதிகம். கூடவே உங்கள் உலக வரைபடத்தில் ஒரு நெசவூரையும் ஒரு கொல்லர் பட்டறைத் தெருவையும் வைத்துவிட்டால், பத்தே நாளில் ஆட்டக்காரர்கள் அந்த ஊர்களின் பெயரில் பட்டும் அரிவாளும் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

மூலப்பொருள் விதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தங்க மோதிரம் என்று எழுதினால் பட்டியலில் தங்கம் இருக்க வேண்டும், சரி. மிளகாயைத் தடைசெய்தது மட்டும் வீண் வேலை. மிளகாய் போர்த்துகீசியர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது உண்மைதான். உங்கள் உலகத்தில் போர்த்துகீசியரும் இல்லை, அமெரிக்காவும் இல்லையே. உங்கள் தோட்டங்களில் மிளகாய்ச் செடி முளைக்கிறது என்று நிரலில் இருந்தால் சட்னியிலும் இருக்கட்டும்.

இனி ஏழும் எட்டும்.

ஏழாவது விதி: ‘டிசைன்கள் தூய செந்தமிழில் இருக்க வேண்டும், கிரந்த எழுத்துகள் கூடாது.’ எட்டாவது: ‘விவரணைகள் இலக்கியத் தரத்தில் இருக்க வேண்டும்.’ நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். பிளாஸ்டிக் வளையலும் ஜிப் வைத்த அங்கியும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது நியாயம். ஆனால் அதை மூலப்பொருள் விதியே தடுத்துவிடுகிறது. ஏழாவது விதி தடுப்பது வேறு ஆட்களை. ஜிமிக்கி போய்விட்டது. ஜரிகை போய்விட்டது. ஜமுக்காளம் போய்விட்டது. நெய்கிறவர்களும் செய்கிறவர்களும் அன்றாடம் புழங்கும் சொற்கள் இல்லாமல் நகைக்கடையையும் துணிக்கடையையும் எப்படித் திறப்பீர்கள்? சரிகை என்று எழுதலாமே என்பீர்கள். எழுதுகிறவர் எழுதட்டும். ஜரிகை என்று எழுதினால் திருப்பி அனுப்ப அது காரணம் ஆகாது.

செந்தமிழ் எது என்று யார் சொல்வது என்ற கேள்வியும் உடனே வந்து நிற்கும். சோதனைப் பதிப்பில் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருவர் ‘பித்தளை மூக்குப்பேணி’ என்று ஒரு டிசைன் அனுப்பினார். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க ஏதுவாக மூக்கு வைத்த குவளை அது. அங்கே பழைய வீடுகளில் வந்தவருக்குத் தேநீரை அதில்தான் கொடுப்பார்கள். ‘வழக்கில் இல்லாத சொல்’ என்று திரும்பி வந்துவிட்டது. தென்மாவட்டத்துப் பாட்டிமார் காதில் தொங்கும் பாம்படத்தை ஒருவர் எழுதியதற்கு, ‘பாம்பு வடிவம் விவரணையில் இல்லை’ என்று குறிப்பு வந்ததாம். சரிபார்த்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேள்விப்படாத சொல், அவ்வளவுதான். ஆனால் கேள்விப்படாததை எல்லாம் தள்ளுவதற்கு விதியே அவர் கையில் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரு சொல் புரியவில்லை என்றால் தள்ளாமல் கேட்க வேண்டும். சரிபார்க்கும் குழுவில் வெவ்வேறு வட்டாரத்து ஆட்கள் இருந்தால் பாதி நேரம் கேட்கவே வேண்டியிருக்காது. ஈழத்தவர் ஒருவர், கொங்குப் பக்கம் ஒருவர், தென்பாண்டிப் பக்கம் ஒருவர் இருந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

எட்டாவது விதியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘ஒரு மண் சட்டி. அடி கருகியிருக்கிறது.’ இது நல்ல டிசைன். சமையற்காரர் ஒருவர் இதை வாங்குவார், கதையில் புழங்குவார். இலக்கியத் தரம் என்று கேட்டால் இவரே அடுத்த முறை ‘காலத்தின் கரங்களில் கருமை பூண்ட களிமண் காவியம்’ என்று அனுப்புவார். உலகமெங்கும் அப்படிப்பட்ட சட்டிகள் நிறைந்துவிடும். இயந்திரத்திடம் எழுதி வாங்கி அனுப்புகிறவர்களுக்கும் எட்டாவது விதிதான் சிவப்புக் கம்பளம் விரிக்கும், ஏனென்றால் அந்த மினுக்கு அவர்களுக்குத்தான் சுலபமாகக் கிடைக்கிறது.

நிராகரிப்பு முறைக்கு வருகிறேன். இப்போது வரும் பதில் ஒரே சொல்: ‘மேம்படுத்தவும்.’ எதை? ஒவ்வொரு நிராகரிப்பிலும் விதி எண்ணும், எந்த வரி என்பதும் இருக்க வேண்டும். எந்த விதியையும் சுட்ட முடியவில்லை என்றால் அந்த டிசைன் ஒப்புதலுக்கு உரியது. திருத்தி அனுப்பும்போது விளையாட்டுக் காசில் மறுபடி கட்டணம் பிடிக்காதீர்கள். முதல் முறை சுட்டாத குறையை இரண்டாம் முறை புதிதாகக் கண்டுபிடிக்கவும் கூடாது. இது எழுதுகிறவர்களை வெறுத்துப் போய் ஓட வைக்கும்.

சரிபார்ப்பவர்களும் கடை வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள்தான் என்பதால், அனுப்பியவர் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. தன் போட்டியாளரின் டிசைனைத் தள்ளினார் என்ற பேச்சு ஒரு முறை கிளம்பிவிட்டால் அடக்க முடியாது. லாம்டாமூவில் 1992இல் ‘இனி நாங்கள் தொழில்நுட்ப வேலை மட்டும் பார்ப்போம், உங்கள் சச்சரவுகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று நிர்வாகிகள் ஒதுங்கிப் பார்த்தார்கள். 1996இல் அது நடைமுறையில் சாத்தியமில்லை என்று தாங்களே அறிவித்துத் திரும்பி வந்தார்கள். எனவே நீங்களும் முழுக்க ஒதுங்கிவிடாதீர்கள்: சரிபார்ப்பை ஆட்டக்காரர்களிடமே விடுங்கள், மேல்முறையீட்டை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னதாக இரண்டு. எழுத்து விளையாட்டுகளைப் பார்வையற்றவர்கள் பலர், திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் வைத்து ஆடுகிறார்கள். என்விடிஏ போன்ற இலவச மென்பொருளிலேயே தமிழ்க் குரல் இருக்கிறது. எனவே டிசைனுக்குள் நட்சத்திரக் குறிகளையும் அலைக்கோடுகளையும் அடுக்கிப் பூவேலை செய்வதைத் தடைசெய்யுங்கள். அதை ஒவ்வொரு குறியாக வாசித்துக் கேட்பவருக்கு உயிர் போய்விடும். நிறம் தீட்டுவது பிரச்சினையில்லை, ஆனால் நிறத்தால் மட்டும் ஒரு தகவலைச் சொல்லக் கூடாது. மற்றது உரிமை. டிசைன் எழுதியவர் விளையாட்டை விட்டுப் போய்விட்டால் அது என்ன ஆகும் என்று வரைவில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு வருடம் தலைகாட்டாவிட்டால் யாரும் செய்யலாம், எழுதியவர் பெயர் மட்டும் பொருளோடு நிற்கும் என்பது என் யோசனை. வேறு யோசனை இருந்தால் அதுவும் சரி, ஆனால் முதல் டிசைன் ஏறுவதற்கு முன்னாலேயே எழுதிவையுங்கள்.

விதிகளைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் நான் கேட்ட அந்தக் கட்டம் அப்படியில்லை. படிவத்தைத் திறந்துவிட்டு, ஆயிரக்கணக்கில் டிசைன் ஏறிய பிறகு சேர்த்தால், ஒவ்வொன்றையும் எழுதியவரைத் தேடிப் பிடித்து ‘உங்கள் பொருளை எடுக்க எப்படிச் சொல்வீர்கள்’ என்று கேட்க வேண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேர் அதற்குள் போயிருப்பார்கள். மற்ற எதற்கும் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் திறப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள். நிரலில் கைகொடுக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், ‘டு’வும் ‘று’வும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சோதனைப் பதிப்பின் நகைக்கடைக்காரன்